சொல்லக் கூசும் நோய்: சிறுநீர்த் தேக்கம்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில், கண் மருத்துவராகிய உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



சங்கச் செயலாளர் சென்ற மாதம் என் இல்லத்திற்கு வந்து, மருத்துவம் பற்றி அரைமணி நேரம் பேசவேண்டும் என்று பணித்தார். இதயத்தைப் பற்றிப் பேசட்டுமா என்று கேட்டேன்; அது சென்ற ஆண்டே ஆகிவிட்டது என்றார். நீரிழிவு பற்றி என்றேன். அதுவும் ஆயிற்று என்றார். "அங்ஙனமாயின், சிறுநீர் முழுவதும் கழியாமல் தேங்கும் நோயைப் பற்றிப் பேசுகிறேன்" என்றேன். அவர் முகம் சற்றே சுருங்கிற்று. "தாய்மார்களும் வருவார்களே, ஐயா" என்று தாழ்ந்த குரலில் கூறினார். பேசவேண்டிய பொருள் இதுதான் என்று அக்கணமே உறுதி செய்துகொண்டேன். இந்நோயால் விளையும் கேட்டில் பெரும்பகுதி அந்தத் தாழ்ந்த குரலால் விளைவதே ஆகும்.

நான் இத்துறையில் வல்லவன் அல்லேன். கண் மருத்துவன். எனினும், இந்நோய் என் வீட்டிற்குள்ளேயே இரண்டாண்டுகள் குடியிருந்தது. நான் அதனைக் காணவில்லை. பிறர் கண்ணைத் திறந்துவிடும் தொழிலையுடைய ஒருவன் இதனைச் சபையில் ஒப்புக்கொள்வது எளிதன்று.

என் தந்தையார் கும்பகோணத்தை அடுத்த சிற்றூர் ஒன்றில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். என் தாயார் மறைந்த பின்னர், 2004ஆம் ஆண்டில், தில்லிக்கு வந்து எங்களுடன் தங்கினார். நம் சங்கத்துக் கச்சேரிகளுக்கு ஒன்று தவறாமல் வருவார். முதலில் முன்வரிசையில் அமர்ந்தவர், சில மாதங்களில் கடைசி வரிசையில் கதவோரமாக அமரத் தொடங்கினார். ஆக்ராவுக்குப் போய் வருவோம் என்றால், "பேருந்தில் அவ்வளவு நேரம் என்னால் இயலாது, நீங்கள் போய் வாருங்கள்" என்பார். மாலை நான்கு மணிக்கு மேல் தண்ணீர் அருந்துவதை நிறுத்திவிட்டார். இரவில் நான்கைந்து முறை அவர் அறையில் விளக்கு எரியும். குளியலறையில் நெடுநேரம் குழாய்நீர் ஓடும் ஓசை கேட்கும். தண்ணீர் வீணாகிறதே என்று நான் ஒருநாள் கடிந்துகொண்டதும் உண்டு. பின்னர், தம் படுக்கை விரிப்பைத் தாமே விடியற்காலையில் துவைத்து உலர்த்தலானார். மருமகளுக்கு வேலை குறையட்டும் என்று செய்கிறார் போலும் என நாங்கள் மகிழ்ந்தோம்!

இவ்வடையாளங்கள் ஒவ்வொன்றின் பொருளும் யாது என்பதை அறிய, நீர்ப்பை தொழிற்படும் முறையைச் சிறிது காண்போம்.

சிறுநீரகங்கள் இரண்டும் இரவு பகல் ஓயாமல் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் நீரை வடிக்கின்றன. அது துளித்துளியாக இறங்கி அடிவயிற்றிலுள்ள நீர்ப்பையில் சேர்கின்றது. அப்பை வெறும் தோற்பையன்று, தசையால் ஆயது. நீர் 150 முதல் 200 மில்லி லிட்டர் சேர்ந்ததும் முதல் உணர்வு தோன்றும். 400, 500 என்று ஏறும்போது பொறுப்பது கடினமாகும். கழிக்கும் வேளையில் இரண்டு செயல்கள் ஒருங்கே நிகழ்தல் வேண்டும்: பையின் தசை சுருங்கவேண்டும், வாயிலைக் காக்கும் தசை நெகிழவேண்டும். இவ்விரண்டையும் இணைத்து நடத்துவன மூளையின் அடித்தண்டும், முதுகுத் தண்டின் கீழ்ப்பகுதியிலிருந்து புறப்படும் நரம்புகளும் ஆம். ஆகவே நீர் தேங்குவதற்குக் காரணம் மூன்று இடங்களில் இருக்கலாம். வழி அடைபட்டிருக்கலாம், தசை சோர்ந்திருக்கலாம், ஏவல் சொல்லும் நரம்பு பழுதுற்றிருக்கலாம். சிலரிடத்தில் இம்மூன்றும் கூடியிருப்பதும் உண்டு.

ஆடவர்க்கு வழி அடைபடுவதற்குத் தலையாய காரணம் புராஸ்டேட் சுரப்பி. நீர்ப்பையின் வாயிலில், வெளிக்குழாயைச் சுற்றி மோதிரம் போல் அமைந்திருப்பது அது. இளமையில் 20 கிராம் அளவே இருக்கும். நடுவயதிற்குப் பின் அது பருக்கத் தொடங்குகிறது. 60 வயதை எட்டியவருள் ஏறக்குறைய பாதிப்பேருக்கு இவ்வளர்ச்சி காணப்படும். 80ஐக் கடந்தோருள் பெரும்பாலோர்க்கு உண்டு. இது புற்றுநோயன்று, பருத்தவர் அனைவர்க்கும் தொல்லை தருவதுமன்று. ஆனால் தொல்லை தரும்போது, நீர் வரக் காத்திருக்க நேரும், தாரை மெலியும், விட்டு விட்டு வரும், முடிந்தது என்று எண்ணி ஆடையைச் சரிசெய்த பின் சொட்டும். என் தந்தையார் குழாயைத் திறந்து வைத்ததன் காரணம் இப்போது உங்களுக்கு விளங்கும். ஓடும் நீரின் ஓசை கேட்டால் நீர் பிரிவது சிறிது எளிதாகும்; அன்றியும், உள்ளே அவர் படும் பாடு வெளியே கேளாது.

வழி குறுகும்போது பையின் தசை முதலில் தன் வலிமையைக் கூட்டி நீரைத் தள்ளும். பல திங்கள், பல ஆண்டு அங்ஙனம் உழைத்தபின் சோர்ந்துபோம். அப்போது ஒவ்வொரு முறையும் சிறிது நீர் உள்ளேயே எஞ்சும். எஞ்சுவது நாளடைவில் மிகும். அரை லிட்டர், முக்கால் லிட்டர், சிலருக்கு ஒரு லிட்டருக்கு மேலும் தேங்கும். வியப்பு யாதெனில், இது மெல்ல மெல்ல நேர்வதால் வலி தோன்றாது! ஏற்கெனவே நிறைந்த குடத்தில் மேலும் ஒரு குவளை ஊற்றினால் அந்தக் குவளையளவே வழியுமன்றோ? அதுபோல், நிறைந்த பையிலிருந்து மேல்நீர் மட்டும் அடிக்கடி கழிகின்றது. உறக்கத்தில் தானே வழிகின்றது. நோயாளியோ, "எனக்கு நீர் நிறையப் போகிறது, அடிக்கடி போகிறது" என்று சொல்லுகிறார். கேட்பவர் நீரிழிவோ என்று ஐயுறுகின்றனர். தேக்கத்தை மிகுதி என்று மயங்கும் இம்மயக்கமே இந்நோயின் பெரிய சூது. இதற்கிடையில் தேங்கிய நீரின் அழுத்தம் மேலேறிச் சிறுநீரகங்களைத் தாக்குகின்றது, தேக்கத்தில் கிருமிகள் பெருகுகின்றன, கற்களும் உண்டாகின்றன.

திடீரென முற்றிலும் அடைத்துக்கொள்வது மற்றொரு வகை. அதன் வலியைப் பட்டவரே அறிவர். அடிவயிறு கல்லெனப் புடைக்கும். நிற்கவும் இயலாது, இருக்கவும் இயலாது. இது மறைக்க முடியாத வகையாதலால், ஒருவகையில் நன்று என்றே சொல்வேன்.

2006ஆம் ஆண்டு ஜனவரி மாதம். தில்லிக் குளிரை நான் உங்களுக்கு வருணிக்க வேண்டுவதில்லை. தந்தையாருக்குக் கடுமையான சளி. அண்டை வீட்டார் ஒருவர் அன்போடு தந்த சளி மாத்திரையை இரவில் இரண்டு முறை உட்கொண்டிருக்கிறார். மூக்கொழுகலை நிறுத்த வல்ல பல மாத்திரைகளில் நீர்ப்பையின் தசையைத் தளரச் செய்யும் மருந்தும், அதன் வாயிலை இறுகச் செய்யும் மருந்தும் சேர்ந்தே இருக்கின்றன. அரைகுறையாகத் திறந்திருந்த கதவை அவை முழுவதும் சாத்திவிட்டன. காலை ஆறு மணிக்கு என் மனைவி, "மாமா கட்டிலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், என்னவென்று கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறார்" என்று என்னை எழுப்பினாள். போய்ப் பார்த்தேன். என்னைக் கண்டதும் அவர் முகத்தைச் சுவர்ப்புறம் திருப்பிக்கொண்டார். "ஒன்றுமில்லையடா, வாயு" என்றார். அவர் வயிற்றில் கைவைத்தேன். தொப்புள் வரை பை புடைத்திருந்தது.

மருத்துவமனையில் வடிகுழாய் இட்டபோது வெளிவந்த நீர் 1,400 மில்லி லிட்டர். வலி நின்றதும் அவர் சொன்ன முதற்சொல், "உன் அம்மா இருந்தால் அவளிடம் சொல்லியிருப்பேன்" என்பது. குருதியைச் சோதித்ததில் சிறுநீரகங்கள் ஏற்கெனவே பழுதுற்றிருந்தமை தெரிந்தது. சில வாரங்களில் ஒருவாறு தேறின, முழுவதும் தேறவில்லை.

உயிரினும் நாகரிகத்தைப் பெரிதாக எண்ணுவோர் நம்மவர் மட்டும் அல்லர். 1601ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 13ஆம் நாள், பிராகு நகரில் ஒரு பெருமகன் அளித்த விருந்திற்குச் சென்றிருந்தார் புகழ்பெற்ற வானநூலறிஞர் டைக்கோ பிராகி. விருந்தின் இடையே எழுந்து செல்வது முறையன்று என்று கருதி நீரை அடக்கிக்கொண்டு அமர்ந்திருந்தார். வீடு திரும்பிய பின் நீர் பிரியவில்லை. பதினொரு நாள் துன்புற்று, 24ஆம் நாள் உயிர் நீத்தார். நஞ்சிட்டுக் கொன்றனர் என்ற பேச்சும் பிற்காலத்தில் எழுந்தது. 2010ஆம் ஆண்டில் கல்லறையைத் திறந்து ஆராய்ந்தபோது, பாதரச நஞ்சால் அவர் இறக்கவில்லை என்று கண்டனர். ஒருமுறை அடக்கியதனாலேயே உயிர் போகும் என்று கொள்ளவேண்டாம்; அடைப்பு முன்பே இருந்திருத்தல் கூடும் என்பது என் கருத்து. விண்மீன்களை அளந்தவர் விருந்து மேசையை விட்டு எழ நாணினார் என்பதை மட்டும் நினைவிற் கொள்க.

தாய்மார்களே, இது ஆடவர் நோய் மட்டுமன்று. குழந்தை பிறந்த பின், சிறப்பாக முதுகில் மருந்து செலுத்தி வலி நீக்கியவர்க்கும், ஆயுதம் கொண்டு பிள்ளை எடுக்கப்பட்டவர்க்கும், நீர் உணர்வு மழுங்கித் தேங்குவதுண்டு. பிள்ளை பெற்றவள் ஆறு மணி நேரத்திற்குள் நீர் கழித்தாளா என்று கேட்பது பாட்டிமார் கடமையாக இருக்கட்டும். கருப்பை இறக்கம் கண்ட மூத்த மகளிர்க்கு வெளிக்குழாய் மடங்கித் தடைபடும். அதற்கும் மருத்துவம் உண்டு. அலுவலகத்திலும் பள்ளியிலும் தூய கழிப்பிடம் இன்மையால், காலையில் வீட்டை விட்டுப் புறப்பட்டு மாலையில் திரும்பும் வரை தண்ணீரே அருந்தாமல் அடக்கிக்கொள்ளும் ஆசிரியைகள் பலரை நான் அறிவேன். இது அவர்கள் செய்யும் குற்றமன்று. கட்டடம் கட்டியவர்கள் செய்த குற்றம்.

நீண்ட நாள் நீரிழிவு உடையவர்க்கு நரம்பு மழுங்கி, பை நிறைந்ததே தெரியாமற் போகலாம். பக்கவாதம், நடுக்குவாதம் முதலியவற்றிலும் இத்தொல்லை உண்டு. மலச்சிக்கல் முதியோர்க்கு நீரையும் கட்டிவிடும். இதனைப் பலர் அறியார். மனச்சோர்வுக்கும் கடும் வலிக்கும் தரும் மருந்துகள் சிலவும் காரணமாகும். ஆதலால் மருத்துவரிடம் செல்வோர் தாம் உட்கொள்ளும் மாத்திரைகள் அனைத்தையும் ஒரு பையிற் போட்டு உடன் கொண்டு செல்லவேண்டும். ஒன்றை மட்டும் மிக வற்புறுத்துகிறேன். கடும் முதுகுவலி, கால்களில் தளர்ச்சி, இருக்கையிற் படியும் இடத்தில் உணர்ச்சி மரத்தல், இவற்றோடு நீரும் பிரியவில்லையாயின், அது தண்டுவட நரம்புகள் நெரிபட்டதன் அறிகுறி. விடியட்டும் என்று காத்திராமல் அப்போதே பெரிய மருத்துவமனைக்கு விரைக. சில மணி நேரத் தாழ்வு வாழ்நாள் முழுவதும் ஊனமாகிவிடும்.

நம் வீடுகளில் நீர்க்கட்டு என்றதும் வாழைத்தண்டுச் சாறும், நெருஞ்சிற் குடிநீரும், பார்லிக் கஞ்சியும் வந்துவிடுகின்றன. அவற்றை நான் இகழவில்லை. அவை நீரைப் பெருக்கும். ஆனால் மதகு திறவாதபோது ஏரிக்கு நீர் விடுவார் உண்டா? முற்றிலும் அடைத்துக்கொண்டவருக்கு மேலும் மேலும் நீர் அருந்தக் கொடுப்பது வலியையும் ஆபத்தையும் கூட்டுவதாகும். அதற்காக, மெல்லிய தொல்லையுடையவர் தண்ணீரையே வெறுத்தலும் தவறு. உறங்கப் போகும் முன் இரண்டு மணி நேரம் குறைத்துக்கொண்டால் போதும். காப்பியையும் குறைக்கலாம், தமிழரிடம் இதைச் சொல்வது எவ்வளவு பயன் தரும் என்பது வேறு. நீர் கழித்தபின் ஓரிரு நிமிடம் பொறுத்து மீண்டும் ஒருமுறை முயல்வதும், அவசரமின்றி உட்கார்ந்து கழிப்பதும் எஞ்சுவதைக் குறைக்கும்.

சோதனை மிக எளிது. நீர் கழித்தவுடன் வயிற்றின் மேல் அல்ட்ராசவுண்டு கருவியை வைத்து எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்று அளந்துவிடலாம். ஊசியில்லை, வலியில்லை. இதனோடு குருதியும் சிறுநீரும் சோதிப்பர். முழு அடைப்பாயின் முதலில் வடிகுழாய் இட்டு நீரை வடிப்பர். நெடுநாள் தேக்கமாயின், வடித்த பின் சிறுநீரகங்கள் அளவிறந்து நீரை விடுவதுண்டு; ஆகவே ஓரிரு நாள் மருத்துவமனையில் இருந்து கண்காணிக்கப்படுதல் நல்லது. வலி நின்றதே என்று அன்றே வீட்டுக்கு அழைத்துச் செல்ல மன்றாடாதீர்கள்.

புராஸ்டேட் பருத்தவர்க்கு டாம்சுலோசின் போன்ற மருந்துகள் வாயிலின் தசையைச் சில நாட்களிலேயே நெகிழ்விக்கும். பினாஸ்டிரைடு போன்றவை சுரப்பியையே சுருக்கும். ஆனால் அதற்கு ஆறு மாதம் வரை பொறுக்கவேண்டும். மருந்துக்கு அடங்காதபோது, வயிற்றைக் கீறாமல் குழாய் வழியாகவே கருவி செலுத்தித் தடையாயுள்ள பகுதியைச் செதுக்கி எடுப்பர். லேசர் ஒளியாலும் எடுப்பர். டாம்சுலோசின் உட்கொள்வோர் படுக்கையிலிருந்து மெல்ல எழவேண்டும். தலை சுற்றி விழுதல் உண்டு. இங்கே என் தொழில் குறுக்கிடுகிறது. இம்மருந்தை உண்டவர்க்குக் கண்புரை அறுவை செய்யும்போது கண்ணின் கருவிழித்திரை துவண்டு இடர் செய்கின்றது என்பதை 2005ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் இருவர் எடுத்துக்காட்டினர். முன்னரே தெரிந்தால் நாங்கள் ஆயத்தமாக இருப்போம். ஆனால் என் முன்னால் அமரும் பெரியவர்கள் இரத்த அழுத்த மாத்திரையைச் சொல்வார்கள், நீரிழிவு மாத்திரையைச் சொல்வார்கள், இதை மட்டும் சொல்லமாட்டார்கள். மகளோ மருமகளோ அருகில் நிற்பார், அதுதான் காரணம்.

வடிகுழாய் என்றால் வாழ்வு முடிந்தது என்று அஞ்சுவோர்க்கு ஒன்று சொல்வேன். 1752ஆம் ஆண்டிலேயே பெஞ்சமின் பிராங்க்ளின், கல்லடைப்பால் வருந்திய தம் தமையனுக்காக வெள்ளியால் வளைந்துகொடுக்கும் வடிகுழாய் ஒன்றைச் செய்வித்தார். இன்று உள்ளே நிலைத்து நிற்கும் குழாய்க்கு ஃபாலி என்னும் அமெரிக்க மருத்துவரின் பெயர் வழங்குகிறது. 1972ஆம் ஆண்டில் மிச்சிகன் பல்கலைக்கழகத்து மருத்துவர் ஜாக் லாப்பிடசு, நோயாளியே தன் கையைக் கழுவிக்கொண்டு, குழாயை வேளைதோறும் தானே செலுத்தி நீரை வடித்து எடுத்துவிடலாம் என்று காட்டினார். கிருமி புகுந்துவிடுமே என்று அக்காலத்தில் பலர் எதிர்த்தனர். தேங்கவிடாமல் வடிப்பதே கிருமிக்குப் பெருந்தடை என்று அனுபவம் உணர்த்தியது.

தமிழரிடையே இதற்குச் சான்று வேண்டுமாயின், பெரியார் ஈ. வெ. ரா. அவர்களைக் கூறலாம். அவர் கொள்கையோடு உடன்படுவோரும் மாறுபடுவோரும் இச்சபையில் இருப்பீர்கள். தம் இறுதி ஆண்டுகளில் நீர் வடியும் குழாயோடும் அதற்குரிய கலத்தோடுமே அவர் ஊர் ஊராகச் சென்று மேடையேறினார் என்பதை எவரும் மறுக்கவியலாது. 1973ஆம் ஆண்டு டிசம்பர் 19ஆம் நாள் சென்னையில் இறுதிச் சொற்பொழிவை ஆற்றினார். 24ஆம் நாள், 94ஆம் வயதில் மறைந்தார். ஊரறிய அக்கலத்தைச் சுமந்துகொண்டு மேடையில் அமர அவர் கூசவில்லை.

என் தந்தையாருக்குச் சுரப்பியைச் செதுக்கி எடுத்த பின்னும் பையின் தசை வலிமை பெறவில்லை. இரண்டாண்டு காலம் தாழ்த்தியதற்கு அது விலை. ஆகவே 74ஆம் வயதில், நாளைக்கு நான்கு முறை தாமே வடிகுழாய் இட்டுக்கொள்ளக் கற்றார். கற்பித்தவர் கேரளத்தைச் சேர்ந்த செவிலி. என் மகள் வயதினர். முதல் நாள் கண்களை மூடிக்கொண்டார். மூன்றாம் நாள் அப்பெண்ணுக்குத் தமிழ் எழுத்துக் கற்பிக்கத் தொடங்கினார்! அதன்பின் ஒன்பதாண்டு வாழ்ந்தார். ஆக்ராவையும் பார்த்தார். சங்கத்துக் கச்சேரியில் மீண்டும் முன்வரிசையில் அமர்ந்தார்.

இறுதியாக, வேற்றூரில் வாழும் நமக்கே உரிய ஒரு செய்தி. ஊரிலிருந்து நம்மிடம் வரும் பெற்றோர்க்கு இந்தி தெரியாது. இரண்டு இரவும் ஒரு பகலும் இரயிலில் நீரை அடக்கிக்கொண்டு வருகிறார்கள். இங்கே மருத்துவரிடம் சென்றால் மருமகளோ பேரனோ மொழிபெயர்க்கவேண்டும். மாமனார் சொல்லாததை மருமகள் எப்படி மொழிபெயர்ப்பாள்? நம் சங்கத்தில் தமிழறிந்த மருத்துவர் ஐவர் இருக்கிறோம். திங்கள்தோறும் முதல் ஞாயிறு காலையில், நூலகத்தை அடுத்த சிற்றறையில், எங்களுள் ஒருவர் இருப்போம். பெரியவர்கள் துணையின்றித் தனியே உள்ளே வரலாம். தாய்மார்களுக்குப் பெண் மருத்துவர் இருப்பார். செயலாளர் இசைவு தந்துவிட்டார். முகமும் இம்முறை சுருங்கவில்லை.

அதுவரை, நள்ளிரவில் எவர்க்கேனும் இத்துன்பம் நேர்ந்து அருகில் தமிழர் எவரும் இல்லையாயின், அடிவயிற்றைத் தொட்டுக் காட்டி, "பேஷாப் பந்த் ஹோ கயா" என்று சொன்னால் போதும். இந்நகரில் எந்த ஆட்டோ ஓட்டுநரும், எந்தக் காவற்காரரும் புரிந்துகொள்வார். நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இந்த நான்கு சொற்களை இன்றிரவே சொல்லிக் கொடுங்கள். இச்சபையில் ஒருமுறை நாமெல்லோரும் சேர்ந்து உரக்கச் சொல்லிப் பார்க்கலாமா?

(சபையினர் சேர்ந்து கூறினர்.)